நிம்மதி கெடாமல் செய்தி தெரிந்துகொள்வது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கான செய்முறை

கே.ஆர்.பி. எனும் கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறந்தார்களா, ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறதா, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன விலை, நாளைக்கு நம்ம ஏரியாவில் கரண்ட் இருக்குமா? இதெல்லாம் நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் இதைப் பார்க்கலாம் என்று போனைத் திறந்தால், எங்கோ நடந்த விபத்தின் சிசிடிவி காட்சியும் யாரோ யாரையோ வெட்டிய செய்தியும்தான் முதலில் வந்து நிற்கின்றன. அரை மணி நேரம் கழித்துப் போனைக் கீழே வைக்கும்போது மனசு கனத்துப் போயிருக்கும். அணை திறந்தார்களா என்பது அப்போதும் தெரிந்திருக்காது.

செய்தியே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவது நம்ம பக்கத்தில் ஆபத்தானது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. ஆகவே செய்தி வேண்டும். அது நம்மைத் தேடி வருவதை நிறுத்திவிட்டு, நாம் தேடிப் போகிற மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

போனைத் தொடுவதற்கு முன் அரைத் தாளும் பேனாவும் எடுங்கள். "இது தெரிந்தால் நாளைக்கு நான் எதையாவது மாற்றிச் செய்வேனா?" என்று கேட்டு, ஆம் என்று பதில் வருகிற விஷயங்களை மட்டும் எழுதுங்கள். வீட்டுக்கு வீடு இது மாறும். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு மழையும், கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய்க்குத் தரும் விலையும். ஓசூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவருக்குப் போக்குவரத்து மாற்றமும் மின்தடையும். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் ராகி போட்டவருக்கு, அறுவடை சமயத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கும் யானைக் கூட்டம் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்பது. ஆறேழு வரிக்கு மேல் போக வேண்டாம்.

அதற்குக் கீழே, உடனே செய்ய வேண்டியது எதுவும் இல்லாவிட்டாலும் குடிமகனாகத் தொடர்ந்து கவனிக்க வேண்டிய இரண்டு மூன்று விஷயங்களை எழுதுங்கள். காவிரிப் பங்கீடு, மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதை, புளோரைடு கலந்த குடிநீர் என்று உங்கள் மனசுக்கு நெருக்கமானது எதுவாகவும் இருக்கலாம். இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஊர் விஷயம் ஒன்றைத் தொடர்ந்து கவனிக்கிறவருக்குக் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கத் தெரியும். சும்மா பயந்துகொண்டிருப்பவருக்கு அது வராது.

படி 2: எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது

மழைக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு ஒன்றே போதும். அதில் 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' என்றால் 12 முதல் 20 செ.மீ., 'அதி கனமழை' என்றால் 21 செ.மீ.யும் அதற்கு மேலும். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டால் "மிரட்டும் மழை", "கொட்டித் தீர்க்கப்போகுது" போன்ற தலைப்புகள் உங்களை அசைக்காது. தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட அவசர உதவி எண் 1077-ஐப் போனில் பதிந்து வையுங்கள்.

அணைச் செய்தியில் எண் தெரியாததால் வரும் பயமே அதிகம். கே.ஆர்.பி. அணையின் முழு உயரம் 52 அடி. நீர்மட்டம் அதை நெருங்கினால் வருகிற தண்ணீரைத் தென்பெண்ணையில் அப்படியே விடுவார்கள். ஆற்றோரம் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது 'வெளியேற்றம்' எத்தனை கன அடி, அது நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்பதைத்தான். காவிரிக்கு, ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலு அளவைப் பாருங்கள். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் காவிரிச் செய்தியில் பாதி விளங்கிவிடும்.

மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. மற்றதற்கெல்லாம் உங்கள் மாவட்டப் பதிப்புத் தினசரி ஒன்று. காகிதப் பத்திரிகைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: கடைசிப் பக்கம் வந்தால் முடிந்துவிடும். போனில் கீழே தள்ளத் தள்ள முடிவே வராது, நிறுத்துவதற்கு ஓர் இடமும் கிடைக்காது.

படி 3: போனை அடக்குங்கள்

இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

முதலில் குரோம். பலரும் கவனிக்காத இடம் இது. ஏதோ ஒரு செய்தித் தளத்தில் எப்போதோ 'அனுமதி' என்று தொட்டிருப்போம், அன்றிலிருந்து அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அங்கே இருக்கும் தளங்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். செய்திச் செயலியை அழித்த பிறகும் "பிரேக்கிங்" வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து யூடியூப். நோட்டிஃபிகேஷனையும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிட்டு, 'வாட்ச் ஹிஸ்டரி'யை அழித்து நிறுத்தி வையுங்கள். அப்புறம் முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் வரிசை கட்டாது, வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முகப்புத் திரையை இடமிருந்து வலமாகத் தள்ளினால் செய்தி வரிசை வருகிறதா? திரையின் காலி இடத்தை அழுத்திப் பிடித்து, ஹோம் செட்டிங்ஸில் அதை அணையுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'நம்ம ஊர் செய்திகள்' வகைக் குழுக்களை மியூட் செய்து, 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆர்க்கைவுக்குத் தள்ளுங்கள். மீடியா ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்கள். இது நிற்காவிட்டால் விபத்துப் படங்கள் கேட்காமலே கேலரியில் வந்து உட்காரும், பிள்ளைகள் கண்ணிலும் படும்.

இவ்வளவையும் அணைத்த பிறகு 'டிஎன் அலர்ட்' அறிவிப்பு மட்டும் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக மூடிவிட்டு, வெள்ள எச்சரிக்கையும் சேர்ந்து அடைபட்டுப்போவதுதான் இந்த முறையில் நடக்கக்கூடிய மோசமான பிழை.

படி 4: நேரம் வையுங்கள்

காலையில் 20 நிமிடம், மாலையில் 10 நிமிடம். எழுந்ததும் படுக்கையிலேயே வேண்டாம், காப்பி குடித்த பிறகு. தூங்குவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் கூடவே கூடாது. படி 1-இல் எழுதிய தாளை முன்னால் வைத்து, மேலிருந்து கீழே பார்த்து முடித்ததும் நிறுத்துங்கள்.

டிவி ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில் இது சிரமம். செய்திச் சேனல் ஒரே காட்சியை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போடும். சம்பவம் ஒன்று, மனசு அதைப் பத்தாகக் கணக்குப் போடும். அதனால் அரை மணி நேரச் செய்தித் தொகுப்பை மட்டும் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். விவாத நிகழ்ச்சியை விட்டால் நஷ்டமில்லை. அதில் தகவல் குறைவு, சத்தம் அதிகம்.

ஆரம்பத்தில் சும்மா இருக்கும்போதெல்லாம் கை தானாகப் போனுக்குப் போகும். அதோடு சண்டை போடாதீர்கள். செய்திச் செயலிகளை முகப்பிலிருந்து எடுத்து ஒரு ஃபோல்டருக்குள் வைத்தால், திறக்க ஆகிற அந்த நேரத்திலேயே பல சமயம் ஞாபகம் வந்துவிடும்.

படி 5: வந்ததை அனுப்புவதற்கு முன்

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அந்தச் செய்தி ஐந்தும் அதற்கு மேலும் கை மாறி வந்தது. அதைப் பார்த்ததும் நில்லுங்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்கள் பொய்யானவை, வேறு சம்பவங்களுடையவை என்று தமிழக காவல்துறை விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைகளை நம்பி வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஓசூர் மாதிரி ஊரில் அப்படி ஒரு வீடியோ எத்தனை பேரை நடுங்க வைக்கும்!

மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை அறிவிப்பு என்று படம் வந்தால் தேதியைத் தேடுங்கள். மேல் ஓரம் வெட்டப்பட்டு ஆட்சியர் கையெழுத்து மட்டும் தெரிந்தால் அது பழைய உத்தரவாக இருக்க வாய்ப்பு அதிகம். மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்திலோ பள்ளியிலோ கேட்டுவிட்டுத்தான் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

பெரிய சம்பவம் நடக்கிற நாளில்

புயல், கலவரம், பெரிய விபத்து என்றால் நேரக்கணக்கு உடையும். உடையட்டும். நம் ஊருக்கே ஆபத்து என்றால் மணிக்கு ஒருமுறை, அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டும் பாருங்கள். தொலைவில் நடந்தது என்றால் காலை, மாலை போதும். முதல் சில மணி நேரத்தில் வரும் எண்ணிக்கையும் காரணமும் மறுநாள் மாறிவிடுவது வழக்கம், அதனால் தாமதமாகப் பார்ப்பவருக்கே சரியான தகவல் கிடைக்கும். நிலைமை அடங்கியதும் பழைய நேரத்துக்குத் திரும்புங்கள்.

இவ்வளவு செய்தும் தூக்கம் வராமல், நெஞ்சு படபடப்பு வாரக்கணக்கில் நீடித்தால் அதற்குக் காரணம் செய்தி மட்டுமாக இருக்காது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

அப்பா, அம்மா போனில்

மூன்றாம் படியைப் பெரியவர்கள் போனிலும் அவர்கள் சம்மதத்தோடு செய்து கொடுங்கள். "ஏம்ப்பா, எனக்குச் செய்தியே வராம பண்ணிட்டியா?" என்று கேட்பார்கள். அதனால் செய்வதற்கு முன்பே தினசரிப் பத்திரிகைக்குச் சொல்லி வையுங்கள், 'டிஎன் அலர்ட்' அறிவிப்பு எப்படி இருக்கும் என்று அவர்கள் போனிலேயே காட்டுங்கள், 1077-ஐப் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.