ரத்ததான முகாமுக்கு ஃப்ளெக்ஸும் ஸ்டேட்டஸ் வீடியோவும்

ஊர் நற்பணி மன்றத்துக்கு பேனர் டிசைன் செய்ய உட்காருமுன், அதை எங்கே கட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். பார்ப்பவர் நிற்கும் தூரத்தில் 10 அடிக்கு ஓர் அங்குலம் எழுத்து உயரம் என்பது பொதுக்கணக்கு. 60 அடி தள்ளிப் பார்ப்பார்கள் என்றால் தலைப்பு 6 அங்குலம். 'ஜூ', 'ணூ' மாதிரி எழுத்துகள் தூரத்தில் அப்பிக்கொண்டு தெரிவதால் 8 வைப்பது நல்லது. நிர்வாகிகள் அத்தனை பேர் படமும் வேண்டும் என்பார்கள். கீழே ஒரே வரிசையில் சின்னதாக அடுக்கிவிடுங்கள். முகாமுக்கு ஆள் வரவைப்பது நாள், கிழமை, நேரம், இடம், போன் நம்பர்தான்.

10×8 அடி பேனர் என்றால் 120×96 அங்குலம். 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி) போதும்: 8640×6912 பிக்சல். 300 டிபிஐ வைத்தால் அகலம் 36,000 பிக்சலாகி, 30,000-ஐத் தாண்டாத பிஎஸ்டி எனும் ஃபோட்டோஷாப் கோப்பில் சேமிக்கவே முடியாது. ஃப்ளெக்ஸைச் சட்டத்தில் மடித்து ஆணி அடிப்பார்கள், ஆகவே நாலு பக்கமும் ஓரத்திலிருந்து 4 அங்குலத்துக்குள் எழுத்து வேண்டாம். ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கேவில் (அச்சு மையின் நான்கு நிற முறை) வேலை செய்யுங்கள். திரையில் பளபளக்கும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கிவிடும்.

பெரும்பாலும் சொதப்புவது எழுத்துதான். 'கொ' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்புக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்'டைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. இன்க்ஸ்கேப் என்ற இலவச டிசைன் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். வரி இடைவெளி எழுத்தளவில் 130 முதல் 140 சதவீதம் இருக்கட்டும், இல்லையென்றால் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யில் போய் இடிக்கும்.

உங்கள் எழுத்துரு பேனர் அச்சடிக்கும் கடைக்காரரிடம் இருக்காது. அனுப்புமுன் எழுத்தைக் கோடுகளாக மாற்றுங்கள்: கோரல்டிராவில் கன்ட்ரோல்+கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ. மாற்றியபின் பிழை திருத்த முடியாது, ஆகவே மாற்றாத பிரதியைத் தனியே வையுங்கள். அதற்கும் முன்னால் தேதிக்குக் கிழமை பொருந்துகிறதா என்று காலண்டரில் பாருங்கள், போன் நம்பரை ஒருமுறை அழைத்தும் பாருங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோவுக்கு 1080×1920 பிக்சல், 30 விநாடி போதும். மண்டபத்து டியூப்லைட்டில் படம் பட்டைபட்டையாக மினுக்குவதற்குக் காரணம் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது. கேமராவில் விநாடிக்கு 25 ஃபிரேம், 1/50 விநாடி ஷட்டர் வைத்தால் அடங்கும். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். நீளமாக எடிட் செய்தால் வாயசைவும் குரலும் பிரிவது அதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத ஃபிரேம் வேகம்) வைத்து மாற்றிய பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். மேலே 250, கீழே 350 பிக்சலில் எழுத்து வேண்டாம், செயலியின் பொத்தான்கள் மறைத்துவிடும். பேச்சின் உச்சம் -6 டெசிபல், பின்னணி இசை அதைவிட 15 டெசிபலாவது கீழே. எச்.264 வீடியோ வடிவில், 8 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 8 மெகாபிட்) எடுத்தால் 30 விநாடிக்குச் சுமார் 30 எம்பி.

பேனர் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்ல, 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது சுருக்கிவிடும். கடைக்காரர் அதையே 10 அடிக்கு இழுத்து அடித்துத் தருவார்.