காப்பர் அசிடேட் படிகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

அணைவுச் சேர்மங்களின் (உலோக அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தவை) படிக அமைப்பைப் படிக்கப் பழகுபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது காப்பர்(II) அசிடேட் மோனோஹைட்ரேட்டைத்தான். மூலக்கூறு சிறியது, ஆனால் யோசிக்க நிறைய வைக்கும். கணினியில் படிக அமைப்பைத் திரையில் காட்டும் மெர்குரி (Mercury) மென்பொருள் இருந்தால் போதும், இலவசப் பதிப்பே தாராளம்.

படி 1: படிக அமைப்புகளின் திறந்த தரவுத்தளமான கிரிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸில் சேர்மத்தின் பெயரைத் தேடி, சிஐஎஃப் (CIF) என்ற படிகத் தரவுக் கோப்பை இறக்குங்கள். நியூட்ரான் சிதறலில் எடுத்த தரவு கிடைத்தால் அதையே எடுங்கள். எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் சரியாகத் தெரியாது, நியூட்ரானுக்குத் தெரியும். இந்தச் சேர்மத்தை 1973-இல் அப்படி ஆராய்ந்து வெளியிட்டவர்கள் பிரவுனும் ஆர். சிதம்பரமும். ஆமாம், பிற்பாடு இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவரான, சென்னையில் பிறந்த அதே சிதம்பரம்தான்.

படி 2: கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒற்றைச் சரிவு வகை (ஒரு கோணம் மட்டும் செங்கோணமாக இல்லாதது), இடத்தொகுதி (படிகத்தின் சமச்சீர் முறையைச் சொல்லும் குறியீடு) சி2/சி (C2/c), அந்தச் சரிந்த பீட்டா கோணம் சுமார் 117 பாகை என்று இருக்கும். இப்போதைக்கு இது போதும்.

படி 3: மெர்குரியில் திறந்து, 'அசிமெட்ரிக் யூனிட்' பெட்டியில் டிக் போடுங்கள். ஒரு தாமிரம், இரண்டு அசிடேட், ஒரு நீர் மட்டுமே மிஞ்சும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மூலக்கூறின் நடுவில் சமச்சீர் மையம் இருப்பதால், பாதியைக் கொடுத்தால் மறுபாதி தானாக வந்துவிடும். டிக்கை எடுத்தால் முழு உருவமும் தெரியும்: இரண்டு தாமிரம், அவற்றைச் சுற்றிலும் பாலம் போட்ட நான்கு அசிடேட், இரு முனையிலும் ஒவ்வொரு நீர். இதற்குத் துடுப்புச் சக்கர அமைப்பு என்று பெயர்.

படி 4: இனி அளக்க வேண்டியதுதான். தூரம் அளக்கும் முறைக்கு மாறி, ஒரு தாமிரத்தையும் அதைப் பிடித்திருக்கும் அசிடேட் ஆக்சிஜனையும் சொடுக்குங்கள். ஏறக்குறைய 1.97 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). நீரின் ஆக்சிஜன் அதைவிடத் தள்ளி, 2.16 அளவில் நிற்கும். தாமிரம்(II)-க்கே உரிய ஜான்-டெல்லர் நீட்சி இது, அதாவது எலக்ட்ரான் அமைப்பு காரணமாகச் சில பிணைப்புகள் மட்டும் நீளும் விளைவு.

அப்புறம் இரண்டு தாமிரங்களையும் சொடுக்குங்கள்: 2.62. தாமிர உலோகத்திலேயே அண்டை அணுக்களின் தூரம் 2.56தான். அப்படியானால் இங்கே தாமிரத்துக்கும் தாமிரத்துக்கும் பிணைப்பா? அவசரப்படாதீர்கள். மென்பொருள் தூரத்தைப் பார்த்துக் கோடு போடுகிறது, எலக்ட்ரானைப் பார்த்து அல்ல. அசிடேட்டின் இரண்டு ஆக்சிஜன்களுக்கும் இடைவெளியே 2.2 ஆங்ஸ்ட்ராம்தான், அவை பிடித்திருக்கும் தாமிரங்கள் நெருங்கித்தான் ஆகவேண்டும். 1952-இல் ப்ளீனியும் பவர்ஸும் இந்தச் சேர்மத்தின் காந்தப் பண்பை வைத்தே தாமிரங்கள் இணையிணையாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். குளிரக் குளிர, தாமிரத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு தனி எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒன்றையொன்று ரத்துசெய்கிறது. அடுத்த ஆண்டே வான் நீகெர்க்கும் ஷோனிங்கும் எக்ஸ் கதிர் ஆய்வில் அந்த இணையைக் காட்டினார்கள். தாமிரங்களுக்கு இடையிலான இந்தக் காந்தத் தொடர்பில் பெரும்பங்கு அசிடேட் பாலங்கள் வழியாகவே நடக்கிறது, நேரடிப் பிணைப்பால் அல்ல என்பதே பரவலான கருத்து. ஆகவே அறிக்கையில் 'தூரம்' என்றே எழுதுங்கள், 'பிணைப்பு நீளம்' என்று வேண்டாம்.

படி 5: ஹைட்ரஜன் பிணைப்புகளையும், மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் காட்டும் 'பேக்கிங்'கையும் இயக்குங்கள். ஒவ்வொரு நீரும் பக்கத்து மூலக்கூறின் அசிடேட் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சரி, இது கைவந்துவிட்டால் அடுத்து ஹெச்கஸ்ட்-1 (HKUST-1) என்ற பொருளின் கோப்பைத் திறங்கள். 1999-இல் வெளியான இந்த நுண்துளைப் பொருளில் அசிடேட்டுக்குப் பதில் ட்ரைமெசிக் அமிலத்தின் மூன்று கைகள். அதே துடுப்புச் சக்கரத்தைத் தேடிப் பிடித்து, தாமிர–தாமிர தூரத்தை அங்கேயும் அளந்து ஒப்பிடுங்கள்.