கிராம்பிலிருந்து யூஜினால்: இறுதியாண்டு வேதியியல் மாணவர்களுக்கு ஓர் ஆய்வு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் இளநிலை வேதியியல் இறுதியாண்டு படிப்பவர்கள் ஆய்வுப் பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பகுதிகளில் விளையும் கிராம்பு, கன்னியாகுமரி கிராம்பு என்ற பெயரில் 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதிலுள்ள எண்ணெயின் பெரும்பகுதி, கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்ற சேர்மம். எஞ்சியதில் முதன்மையானவை யூஜினைல் அசிட்டேட்டும் பீட்டா கேரியோஃபிலீனும். இப்படி முறையே ஃபீனால், எஸ்டர், ஹைட்ரோகார்பன் ஆகிய மூன்று வகைச் சேர்மங்கள் ஒரே மொக்கில் இருப்பதால், பாடத்தில் படித்த பிரித்தெடுக்கும் முறைகள் பலவற்றை இந்த ஓர் ஆய்வில் கையாளலாம்.

முதலில் கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். "மலைக் கிராம்பு சிறந்ததா?" என்பதை ஆய்வகத்தில் அளக்க இயலாது. தோட்டத்தில் நேரடியாக வாங்கிய கிராம்பிலும் நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் வாங்கிய கிராம்பிலும், ஒரே நிபந்தனையில், 100 கிராமுக்கு எத்தனை கிராம் யூஜினால் கிடைக்கிறது என்பதை அளக்கலாம். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று முறையாவது சோதனையைச் செய்யத் திட்டமிடுங்கள். வாங்கும்போதே மொக்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல கிராம்பில் எண்ணெய் கசியும். ஏற்கெனவே எண்ணெய் எடுத்துவிட்ட கிராம்பு தண்ணீரில் படுத்தபடி மிதக்கும்.

இரண்டு மழைக்காலமும் பெய்யும் இந்த மாவட்டத்தில் மாதிரியின் ஈரப்பதம் முடிவைப் பெரிதும் மாற்றிவிடும். ஆனால் அதை 105 டிகிரி அடுப்பில் உலர்த்தி அளக்கக் கூடாது. நீரோடு எண்ணெயும் ஆவியாகிவிடும், எடைக்குறைவு முழுவதும் ஈரமாகக் கணக்கில் ஏறிவிடும். டொலுயீன் சேர்த்து டீன்–ஸ்டார்க் கருவியில் நீரை மட்டும் பிரித்து அளப்பதே சரியான வழி.

25 கிராம் கிராம்பை, வடிப்பதற்குச் சற்று முன்னதாக, கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் குடுவையில் நுரை பொங்கி ஏறும். நீராவி வாலைவடித்தலின் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. யூஜினாலின் கொதிநிலை 254 டிகிரி. 100 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 4 மி.மீ. பாதரசம்தான். ஆயினும் அதன் மூலக்கூறு நிறை 164, நீரின் நிறை 18 என்பதால், 100 கிராம் நீராவி கோட்பாட்டளவில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான யூஜினாலைச் சுமந்து வரும். நடைமுறையில் எண்ணெய் திசுக்களை விட்டு மெதுவாகவே வெளிவருவதால் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். குளிர்விப்பானின் நுனியிலிருந்து விழும் துளி முதலில் பால்போல் கலங்கலாக இருக்கும். அது தெளியும்வரை வடித்தலை நிறுத்த வேண்டாம்.

வடிநீரைப் பிரிபுனலில் இட்டு டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் கொண்டு மூன்று முறை சாறிறக்குங்கள், அதாவது நீரிலுள்ள எண்ணெயைக் கரைப்பானுக்கு மாற்றுங்கள். கரைப்பானை மொத்தமாக ஊற்றாமல் பிரித்து ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. பங்கீட்டுக் குணகம் (கரைப்பானிலும் நீரிலும் எண்ணெய் தங்கும் செறிவுகளின் விகிதம்) 5 எனக் கொண்டால், 100 மி.லி. நீரை 60 மி.லி. கரைப்பானால் ஒரே முறை சாறிறக்கும்போது எண்ணெயில் 25 விழுக்காடு நீரிலேயே தங்கிவிடும். மூன்று முறை 20 மி.லி. வீதம் செய்தால் தங்குவது 12.5 விழுக்காடுதான். வேகமாகக் குலுக்கினால் பால்மம் உருவாகிப் பிரியாமல் நிற்கும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அவ்வப்போது குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். இந்த வேலை முழுவதும் ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் அடைப்புக்குள்) நடக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று எத்தில் அசிட்டேட்டைப் பயன்படுத்தாதீர்கள். அடுத்துச் சேர்க்கும் காரம் அதைச் சிதைத்துவிடும்.

கரிமக் கரைசலைக் குளிர்ந்த 5 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடால், 25 மி.லி. வீதம் மூன்று முறை கழுவுங்கள். யூஜினால் உப்பாக மாறி நீரடுக்குக்குப் போகும். கேரியோஃபிலீனும், யூஜினைல் அசிட்டேட்டின் பெரும்பகுதியும், கீழே டைகுளோரோமீத்தேனில் தங்கும். காரம் சூடாக இருந்தாலோ நெடுநேரம் தொடர்பில் இருந்தாலோ அசிட்டேட் நீராற்பகுப்படைந்து, கிராம்பில் தனியாக இல்லாத யூஜினாலும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். நான் மாணவனாக இருந்தபோது இந்தக் கட்டத்தில், எண்ணெய் எப்போதும் கரிமக் கரைப்பானில்தான் இருக்கும் என்ற பழக்கத்தில், நீரடுக்கைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டேன். ஒரு வார உழைப்பு அதோடு போயிற்று. அன்று முதல் நான் கடைப்பிடிப்பதையே உங்களுக்கும் வலியுறுத்துகிறேன்: இறுதி எடை பதிவாகும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள், ஒவ்வொரு குடுவையிலும் பெயரும் நேரமும் எழுதுங்கள்.

நீரடுக்கைப் பனிக்கட்டியில் வைத்து, லிட்மஸ் நன்றாகச் சிவக்கும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால், உப்பு மீண்டும் யூஜினாலாக மாறிக் கலங்கல் திரும்பும். மறுபடி சாறிறக்கி, நீரற்ற சோடியம் சல்பேட்டால் உலர்த்தி, கரைப்பானை நீக்கி, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துவரும்வரை எடையிடுங்கள். காரத்தில் கரையாமல் டைகுளோரோமீத்தேனில் தங்கிய நடுநிலை அடுக்கையும் அவ்வாறே உலர்த்தி எடையிட வேண்டும். இரண்டும் சேர்ந்த எடை, காரத்தால் பிரிக்காமல் தனியே வைத்த ஒரு மாதிரியின் மொத்த எண்ணெய் எடையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று ரெக்கார்டில் காட்டுங்கள். விளைச்சல் குறைந்திருந்தால் குறைந்ததாகவே எழுதுங்கள். எங்கே இழந்தோம் என்று சொல்லத் தெரிந்த 5 விழுக்காடு விளைச்சலை, காரணம் சொல்ல முடியாத 12 விழுக்காடு விளைச்சலைவிட நான் மதிக்கிறேன்.

ஃபெரிக் குளோரைடு சோதனை ஃபீனால் இருப்பதை மட்டுமே சொல்லும், தூய்மையைச் சொல்லாது. டியூட்டரோகுளோரோஃபார்மில் எடுத்த புரோட்டான் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 3.9 ppm அருகே மெத்தாக்சியின் ஒற்றை முகடும், 3.3-இல் அல்லைல் மெத்திலீனின் இரட்டை முகடும் தெரிய வேண்டும். 2.3-இல் கூர்மையான முகடு இருந்தால் அசிட்டேட் கலந்திருக்கிறது, 1.0 அருகே இருந்தால் கேரியோஃபிலீன். 5.3-இல் தெரியும் ஒற்றை முகட்டைப் புதிய சேர்மமாகக் கருத வேண்டாம். அது நீங்காத டைகுளோரோமீத்தேன். அதன் பரப்பைக் கொண்டு எவ்வளவு கரைப்பான் எடையில் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டுக் கழித்துவிடுங்கள்.

வடித்து முடித்த கிராம்புச் சக்கையையும் எறிய வேண்டாம். அதே சக்கையைப் புதிய நீருடன் ஒருமுறை வடித்து, கிடைக்கும் எண்ணெயை எடையிட்டு, தனி வரியில் பதியுங்கள்.