எஞ்சின் எப்போது சூடேறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள்

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் என்னும் சூடான வறண்ட காற்று அடிக்கத் தொடங்கியதும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வீதியோரத்தில் நிற்கும் வாகனங்களைக் காணலாம். வெயில்தான் காரணம் என்று சாரதிகள் சொல்வதுண்டு. ஆயினும், எஞ்சினை நீரால் குளிரூட்டும் தொகுதி ஒழுங்காக இயங்கினால், இந்த வெயிலையும் தாங்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலம் முழுவதும் மறைந்திருந்த ஒரு குறையை வெயில் வெளிக்கொண்டுவருகிறது, அவ்வளவே. அந்தக் குறையைத் தேடிப் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கு முன்னர், எஞ்சின் எந்த நேரத்தில், எப்படிப்பட்ட ஓட்டத்தில் சூடேறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

வீதியில் செய்ய வேண்டியது

வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறினால், அல்லது முள் இல்லாத சிறிய கார்களில் சிவப்பு விளக்கு எரிந்தால், உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் உள்ள வாகனமாயின் அதை உச்ச அளவில் திறந்துவிடுங்கள். ஹீட்டரும் எஞ்சின் நீரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் ஒரு சிறிய ரேடியேற்றர்தான் என்பதால், உள்ளே இருப்பவர்கள் வெந்தாலும் எஞ்சினின் சூடு ஓரளவு வெளியேறும். அந்த இடைவெளியில் பாதுகாப்பான ஓரிடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஹீட்டரைத் திறந்தும் சூடான காற்று வராவிட்டால், உள்ளே நீர் வற்றிவிட்டது என்று கொள்ளலாம். அதேபோல, ஏறிய முள் திடீரெனக் கீழே விழுந்தாலும் மகிழ வேண்டாம். உணரியைச் சுற்றி நீர் இல்லாமற் போனதால் அது வெறும் காற்றை அளந்துகொண்டிருக்கக் கூடும். "இன்னும் 2 கிலோமீற்றர்தானே, கராஜ் வரைக்கும் ஓட்டிவிடலாம்" என்று எண்ணிய சாரதிகளின் எஞ்சின்களில்தான் சிலிண்டர் ஹெட் எனப்படும் மேற்பாகம் சூட்டில் வளைந்து லேத் பட்டறைக்குப் போகிறது.

நிறுத்திய பின் ரேடியேற்றர் மூடியில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலான கார்களில் அந்த மூடி ஏறத்தாழ 0.9 முதல் 1.1 பார் வரையான அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூட 120 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் இறங்கிவிடுவதால், 110 பாகையில் அமைதியாக இருந்த நீர் ஒரே நேரத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கிறது. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். பின்னர் ரேடியேற்றரின் மேல் ஹோஸை ஒரு துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள். கல்லைப் போல் இறுக்கமாக இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெத்தென்று இருந்தால், தடித்த ஈரத்துணியால் மூடியைப் போர்த்தி, முதலில் கால் சுற்று மட்டும் திருப்பி, சீறும் ஒலி அடங்கிய பிறகு முழுவதும் திறக்கலாம்.

கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றுவதும், வெளியே இருந்து வாளியால் இறைப்பதும் நம்மிடையே பழகிப்போன தவறுகள். அலுமினிய ஹெட் அந்த அதிர்ச்சியில் வளையும் அல்லது வெடிக்கும். சூடு ஆறிய பிறகு சிறிது சிறிதாக ஊற்றுவதே முறை. கையில் குடிநீர்ப் போத்தல் இருந்தால் அது போதும். பக்கத்தில் வாவி இருக்கிறதே என்று அங்கே போத்தலை நிரப்ப வேண்டாம், அது உப்பு நீர்.

நின்றால் சூடேறுகிறதா, ஓடினால் சூடேறுகிறதா

காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்ச மரங்களின் ஓரமாக வாகன நெரிசலில் ஊரும்போது முள் ஏறி, கல்லாற்றைத் தாண்டி வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது என்றால், நீர் சுற்றுவதில் பெரும்பாலும் குறையில்லை. நின்ற நிலையில் ரேடியேற்றருக்கு ஊடாகக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருள். எனவே முதலில் மின்விசிறியைச் சோதியுங்கள். எஞ்சின் சூடாகியும் விசிறி சுழலவில்லையாயின் ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஏசி போட்டதும் அது சுழன்றால், மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது, வெப்ப உணரியிலோ அதன் வயரிலோதான் பழுது. அப்போதும் சுழலாவிட்டால் பியூஸைப் பாருங்கள். பின்னர் விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் இடத்தில் அதே வகை ரிலே ஒன்றை, ஹோர்னுக்கு உரியதென்று வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிப் பொருத்திப் பாருங்கள். எதற்கும் அசையாத விசிறியின் மோட்டார்தான் போயிருக்கும். இந்தச் சோதனைகளின்போது விரலை விசிறியின் அருகே கொண்டுபோகக் கூடாது. சில வாகனங்களில் சாவியை எடுத்த பின்னரும் அது தானாகச் சுழலத் தொடங்கும். ஹைபிரிட் கார்களில் எஞ்சினே தானாக இயங்கத் தொடங்கக்கூடும் என்பதால், முழுவதுமாக அணைத்துவிட்டே பொனட்டுக்குள் கை வைக்க வேண்டும். பழைய டீசல் வான்களில் விசிறி எஞ்சினோடு இணைந்து சுழலும். எஞ்சின் சூடாக இருக்கையில் அணைத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றும்போது தடையே இல்லாமல் பம்பரம் போலச் சுழன்றால் அதை எஞ்சினோடு பிணைக்கும் பாகுக் கிளச் தேய்ந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஓடும்போது ஒன்றுமில்லாமல், மகியங்கனையைத் தாண்டிக் கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுகளிலோ, பதுளை வீதியில் லுணுகலைப் பக்கத்து ஏற்றத்திலோ மட்டும் முள் ஏறினால், எஞ்சின் உண்டாக்கும் முழுச் சூட்டையும் வெளியேற்றும் திறன் தொகுதிக்கு இல்லை. உள்ளே அடைபட்ட ரேடியேற்றர், எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்கு நீரைத் திறந்துவிட வேண்டியிருந்தும் முழுவதும் திறவாத தெர்மோஸ்டாட், தேய்ந்த வோட்டர் பம்ப், வழுக்கும் பெல்ட் ஆகியவற்றையே இங்கே சந்தேகிக்க வேண்டும். வழியிலுள்ள மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பொனட்டுக்குள் இன்னொன்றைச் சுமந்துகொண்டு ஏறத் தேவையில்லை.

ரேடியேற்றர் வெளியிலிருந்தும் அடைபடலாம் என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சிறுபோக அறுவடைக் காலத்தில் அக்கரைப்பற்றுக்கும் அம்பாறைக்கும் இடையே நாள்தோறும் போய்வந்துகொண்டிருந்தபோது எனது கார் சூடேறத் தொடங்கியது. ஒரு கராஜில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், குறையவில்லை. அடுத்து பம்பை மாற்ற வேண்டும் என்றார்கள். அன்றிரவு வீட்டில் டோர்ச் ஒளியை மேலிருந்து கீழாகச் செலுத்திப் பார்த்தேன். ஏசியின் கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையே உள்ள ஒரு விரல் அகல இடைவெளியில், வீதியோரம் காயப்போட்ட நெல்லிலிருந்து பறந்துவந்த பதரும் வைக்கோல் துகளும் பூச்சி இறகுகளும் மண்ணோடு சேர்ந்து பாய் முடைந்தது போலப் படிந்திருந்தன. முன்னாலிருந்து பார்த்தால் கொண்டென்சர் மட்டுமே தெரியும், அது சுத்தமாகவே இருந்தது. இரண்டு ஆணிகளைக் கழற்றி இடைவெளியை விரித்து எடுத்த கூளம் அரைச் சுளகு வந்தது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய் நீரைப் பாய்ச்சிக் கழுவியதோடு பிரச்சினை தீர்ந்தது. சேர்விஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயை அருகே பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து நிரந்தரமாக வழியை அடைத்துவிடும். கடற்கரையோர ஊர்களில் நிற்கும் வாகனங்களில் உப்புக் காற்றால் அந்தத் தகடுகள் அரிக்கப்பட்டு, விரல் பட்டாலே உதிரும் நிலையில் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட ரேடியேற்றரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கிணற்று நீர்

நம் பகுதியில் எஞ்சின்களை மெல்லக் கொல்வது எதுவென்று என்னைக் கேட்டால், வெயிலை விடக் கிணற்று நீரையே முதலில் சொல்வேன். தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் பாருங்கள். அதே படிவு ரேடியேற்றரின் நுண்குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளிலும் படிகிறது. உவர் நீராயின் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். மூடியைத் திறந்து பார்க்கையில் நீர் செம்மண் குழம்பு போல இருந்தால், உள்ளே இரும்பு துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் பனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூலன்ட் உறைவதைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலப்பது வழக்கம். கூலன்டை மட்டும் தனியே ஊற்றினால் சூடு கடத்தும் திறன் குறைந்துவிடும். வெவ்வேறு வகைக் கூலன்டுகளை நிறத்தை மட்டும் பார்த்துக் கலக்காமல், வாகனக் கைந்நூலில் சொல்லப்பட்ட வகையையே பயன்படுத்துங்கள். வடித்தெடுத்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்க வேண்டாம். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு, நாயோ ஆடோ குடித்தால் இறந்துவிடும்.

எஞ்சினை அணைத்துச் சூடு ஓரளவு தணிந்ததும், ரேடியேற்றரின் முகப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஓரிடம் சூடாகவும் அடுத்த இடம் குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்த இடத்தில் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. பழைய செப்பு ரேடியேற்றர்களில் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இக்கால ரேடியேற்றர்களில் அது பலிக்காது.

தெர்மோஸ்டாட்

குறைந்த செலவில் மாற்றக்கூடிய இந்தச் சிறிய வால்வைச் சோதிக்க ஒரு பாத்திரமும் சமையல் வெப்பமானியும் போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகைக்கு மேல் காட்டாது. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நீருக்குள் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும் எண்ணை அண்டியதும் திறக்கத் தொடங்க வேண்டும். நீர் கொதிக்கும் தறுவாயில் ஏறத்தாழ 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டாலும், அரைகுறையாக நின்றாலும் புதியதைப் போடுங்கள்.

அதைக் கழற்றி எறிந்துவிட்டு வாகனத்தை ஓட்டச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். தெர்மோஸ்டாட்டே பக்க வழியையும் மூடும் வகை எஞ்சின்களில், அதைக் கழற்றினால் நீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பி எஞ்சினுக்குள் வந்துவிடுவதால், சூடு முன்னிலும் கூடலாம்.

நீர் குறைந்துகொண்டே போனால்

முதலில் வெளிக்கசிவைத் தேடுங்கள்: ஹோஸ் இணைப்புகள், பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம், காலடியில் ஈரமாகும் கம்பளம். கசிந்த இடத்தில் கூலன்ட் காய்ந்து நிறப் பொடியாகப் படிந்திருக்கும். ரேடியேற்றர் மூடியின் இறப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் கொண்டதாக இருக்க வேண்டும்.

எங்கும் கசிவில்லை, ஆனால் நீர் குறைகிறது என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள தகடான ஹெட் கெஸ்கட்டை நினைக்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடியைத் திறந்தபடி இயக்கினால் நீரில் குமிழிகள் இடைவிடாது வரும். மூடியைப் பூட்டி இயக்கினால் ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் இறுகிவிடும். எஞ்சின் சூடான பின்னரும் புகைக்குழாயில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை வரும். எண்ணெய்க் கோலை இழுத்தால் எண்ணெய் பால் தேநீரின் நிறத்தில் இருக்கும். எல்லா அறிகுறிகளும் ஒன்றாக வர வேண்டியதில்லை. ஐயம் இருந்தால், எஞ்சினில் எரிந்த வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவத்தைக் கொண்டு கராஜில் சோதிக்கச் சொல்லுங்கள். கெஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்ட ஒத்துக்கொள்ள வேண்டாம். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்து அளந்து, தேவையானால் லேத்தில் சீவிய பின்னரே பூட்ட வேண்டும். கசிவை அடைக்கும் தூள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

எந்தப் பழுதை நீக்கினாலும், நீரை நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கிவிட்டால் எஞ்சின் மீண்டும் சூடேறும். வாகனத்தின் முன்பகுதி சற்று உயரும்படி ஏற்றமான இடத்தில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடியில்லாமல் மெதுவாக இயக்கி, குமிழிகள் அடங்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பின்னர் மூடியைப் பூட்டி, விசிறி இரண்டு முறை தானாகச் சுழன்று நிற்கும்வரை நின்ற இடத்திலேயே இயக்குங்கள். மறுநாள் காலை, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கையில், ரேடியேற்றரோடு இணைந்த பக்கப் போத்தலின் நீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த 3 காலைகளிலும் நீர் அந்தக் கோட்டிலேயே நின்றால், பதினெட்டு வளைவுப் பக்கம் வாகனத்தைத் திருப்பலாம்.