குழந்தைக் கடத்தல் சட்டமுன்வடிவு: செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்தில் சட்டம் பயிலும் பிள்ளைகள் சிலர், குழந்தைக் கடத்தலுக்கெனத் தனிச் சட்டம் கோரும் மாதிரி முன்வடிவு ஒன்றை எழுதி, அதன் நிதிக் குறிப்பாணையை, அதாவது சட்டத்தால் ஏற்படும் செலவை மதிப்பிடும் இணைப்பைச் சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார்கள். கணக்குப் பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழைகள் அத்தனையும் அதில் இருந்தன. கூட்டல் பிழைகளை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விடுகிறேன்.

"கூடுதல் செலவினம் ஏதும் ஏற்படாது"

இந்த வரியைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. செலவு வைக்கும் முன்வடிவுக்குத் தொடர் செலவினம், தொடராச் செலவினம் இரண்டின் மதிப்பீட்டையும் தர வேண்டும் என்று மக்களவை விதி 69 கூறுகிறது. ஆனாலும், "இருக்கும் பணியாளர்களே கவனித்துக்கொள்வர்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், பாம்பன் பக்கத்து மீனவர் வீட்டுக் குழந்தை ஒன்றை வேறு மாநிலத்திலிருந்து மீட்டுவந்த காவலர்களின் பயணப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. ரயில் சீட்டுகளோடு, குழந்தைக்குப் பாலும் ஒரு கவுனும் வாங்கிய ரசீதுகளைப் பெண் காவலர் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். கணக்குத் தலைப்பு, அதாவது அச்செலவைப் பதிய அரசுக் கணக்கில் தனி இனம், இல்லையென்று அவ்விரண்டையும் நானே சிவப்பு மையால் அடித்தேன். அவர் தம் கைப்பணத்தை இழந்தார். குழந்தையின் தகப்பனாரோ காவலர்கள் புறப்படுவதற்கே படகு உரிமையாளரிடம் கடன் வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான்கு மாதத்திற்குள் குழந்தை கிடைக்காவிட்டால் விசாரணை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும்; செலவும் அதனுடன் தொடரும். வெளிமாநிலப் பயணம், மொழிபெயர்ப்பாளர், மரபணுப் பரிசோதனை, தற்காலிகத் தங்குமிடம், இந்த நீண்ட கடற்கரையில் தேடும் படகுக்கு டீசல் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். மீட்புப் பயணத்திற்கெனத் தனித் தலைப்பும், நிலைய அளவிலேயே எடுக்கத்தக்க முன்பணமும் வேண்டும். இவற்றை எழுதாமல் காலக்கெடு மட்டும் விதிக்கும் சட்டம், அதன் செலவைக் காவலர் மீதும் பெற்றோர் மீதும் ஏற்றிவிடுகிறது.

சிறைச் செலவை முதல் ஆண்டிலேயே ஏற்றுவது

இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவில் கடத்தலுக்கு உச்சத் தண்டனை 7 ஆண்டுகள். அதைப் பத்தாக்கினால், முதல் ஏழு ஆண்டுச் செலவு ஏற்கெனவே உள்ளதுதான் என்பதால், கூடுதல் சிறைச் செலவு எட்டாம் ஆண்டில்தான் தொடங்கும்.

பணியிடத்திற்கு அடிப்படை ஊதியத்தை மட்டும் எழுதுவது

அகவிலைப்படியும் ஓய்வூதியப் பங்களிப்பும் எங்கே?

அபராதத்தை வருவாயாகக் காட்டுவது

காட்டாதீர்கள். அதைப் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடாக வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.