வக்கீல் மீது பார் கவுன்சிலில் புகார் கொடுப்பது எப்படி?

வக்கீல்களைப் பதிவு செய்து, அவர்கள் தவறு செய்தால் விசாரிக்கும் அமைப்பு பார் கவுன்சில். கேஸ் தோற்றுப்போனது என்பதற்காக வக்கீல் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. கட்சிக்காரரின் பணத்தைச் சுருட்டுவது, கேஸ் கட்டை (வழக்கு ஆவணங்களை) தராமல் பிடித்து வைப்பது, போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்வது, எதிர்த்தரப்போடு ரகசியமாகச் சமரசம் எழுதுவது போன்றவைதான் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில், தொழில்முறைத் தவறுக்குத் தண்டனை தரும் 35ஆவது பிரிவில் நிற்கும்.

1. முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள்

கோபத்தில் புகார் எழுத உட்கார்ந்து, அதற்குள் வழக்கின் கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். வக்கீல் ஆஜராகாமல் உங்கள் சிவில் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், அதை மீண்டும் கோப்பில் எடுக்க மனுப்போட 30 நாள்தான் அவகாசம். நாள் கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். வழக்கின் இன்றைய நிலையை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) போட்டு நீங்களே பாருங்கள்.

பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதித்தர மறுத்தால், கோர்ட் அனுமதி பெற்று, புது வக்கீலுக்கு வக்காலத்து (உங்களுக்காக ஆஜராக நீங்கள் எழுதித்தரும் அதிகாரப் பத்திரம்) போடலாம். ‘ஃபீஸ் பாக்கி, கட்டு தரமாட்டேன்’ என்றால் பணிய வேண்டாம். ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; அப்படி வைத்திருப்பதே தொழில்முறைத் தவறு.

2. எந்த பார் கவுன்சில்?

வக்கீல் எங்கே வாதாடுகிறார் என்பதல்ல, எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறார் என்பதே கணக்கு. வக்காலத்தில் அவர் பெயருக்குக் கீழே பதிவு எண்ணும் ஆண்டும் இருக்கும். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு, எத்தனை பிரதி என்பதைத் தாக்கலுக்கு முன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. புகாரை எழுதுவது

பெரும்பாலான புகார்கள் இங்கேதான் கெடுகின்றன. பத்துப் பக்கம் வசை இருக்கும், ஒரு தேதி இருக்காது. இப்படி எழுதுங்கள்:

‘12.3.2024 அன்று வங்கி மூலம் ரூ.40,000 அனுப்பினேன் (இணைப்பு 1). 2.4.2024 அன்று, மனு தாக்கலாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது (இணைப்பு 2). என் பெயரில் அப்படி மனு ஏதுமில்லை என்று 10.9.2024 அன்று கோர்ட் அலுவலகம் எழுத்தில் பதில் தந்தது (இணைப்பு 3).’

மூன்று வரி, மூன்று ஆவணம். மறுப்பது கடினம். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்தையும் எழுதலாம். ஆனால் ஆவணமுள்ள தொகையோடு கலக்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள். ஒன்று நிரூபணமாகாவிட்டால் மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

கடைசியில் கையெழுத்தோடு சரிபார்ப்பு வாசகம் கட்டாயம்: எந்தப் பத்தி நேரில் தெரிந்தது, எது பிறர் சொல்லித் தெரிந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் பிரதிகளோடு 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழையும் (மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் காட்டத் தேவையானது) இணையுங்கள்.

4. விசாரணை

முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால், 3 பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் புகார் போகும். அங்கே உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அசல் ஆவணங்களோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள். ஓராண்டுக்குள் முடியாவிட்டால் 36பி பிரிவின்படி விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும்.

நடுவில் ‘பணத்தைத் தருகிறேன், வாபஸ் வாங்கு’ என்று ஆள் வரும். பணத்தை வாங்கலாம். ஆனால் வாபஸ், சமரசம் என்ற காரணத்தால் மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்பது விதி.

5. தண்டனை

கண்டனம், குறிப்பிட்ட காலத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் என மூன்று வகை. உத்தரப் பிரதேசத்தில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கு வந்த நில இழப்பீடு ரூ.8,118ஐ வக்கீலே எடுத்துக்கொண்டார். சமரசமானதாகப் பொய் வாக்குமூலமும் போட்டார். இந்திய பார் கவுன்சில் 3 ஆண்டுத் தடை விதித்தது. போதாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் பெயரையே நீக்கியது. தொகை சிறியது என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால், அது கிடைத்த 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு செய்யலாம். அதன் உத்தரவுக்கு எதிராக மேலும் 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம்.

இழந்த பணத்தை மீட்க இந்தப் புகாரை நம்பியிருக்க வேண்டாம். அதற்கு சிவில் வழக்கு, நம்பிக்கை மோசடி என்றால் போலீஸ் புகார். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், நுகர்வோர் ஆணையம் போக வழியில்லை.