‘ரீஜாயின்’ இருக்கும்போது ‘பேக்’ வேண்டாம்

விடுப்பு முடியும் தறுவாயில் மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘ஐ வில் ரீஜாயின் பேக் ஆன் மண்டே’ என்ற வரி அடிக்கடி இடம்பெறுகிறது. இதில் ‘பேக்’ மிகை. இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘ரீ’ என்னும் முன்னொட்டு ‘மீண்டும்’, ‘திரும்ப’ ஆகிய இரு பொருள்களையும் தன்னுள் கொண்டிருப்பதால், ‘ரீஜாயின்’ என்பதற்குப் பின் ‘பேக்’ சேர்ப்பது, பேச்சில் நாம் சொல்லும் ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ போன்றதாகிவிடுகிறது. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதும் இதே வகைப் பிழையே.

‘ரீஜாயின் அகெய்ன்’ என்பதை மட்டும் சற்று நிதானித்து நோக்க வேண்டும். ஒருவர் விலகி, மீண்டும் சேர்ந்து, மறுபடி விலகி, இரண்டாம் முறையாகத் திரும்பினால் அத்தொடர் சரியே. முதல் முறை திரும்புபவருக்கு அது பொருந்தாது.

அடுத்த பிழை தமிழ் வழியாக நுழைவது. ‘நிறுவனத்தில் சேர்ந்தேன்’ என்று ஏழாம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நாம், ஆங்கிலத்திலும் அந்த ‘இல்’ உருபைத் தேடி ‘ரீஜாயின்ட் இன் தி கம்பெனி’ என்றோ ‘டு தி கம்பெனி’ என்றோ எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவ்வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்பதால் ‘ஐ ரீஜாயின்ட் தி கம்பெனி’ என்பதே போதும். இணைப்பு அறுந்து காணொளிக் கூட்டத்துக்குத் திரும்பும்போதும் ‘ஐ ரீஜாயின்ட் தி மீட்டிங்’ என்றே எழுதுக.

‘ஜாயின் பேக்’ என்பது இந்திய அலுவலகங்களில் புரிந்துகொள்ளப்பட்டாலும் பொது ஆங்கில வழக்கன்று. முறையான கடிதத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மாறாக, ‘கம்’, ‘கோ’, ‘வெல்கம்’ ஆகியவற்றில் திரும்புதல் என்னும் பொருள் இயல்பாக இல்லாததால் அவற்றுக்குப் ‘பேக்’ தேவைப்படுகிறது. ‘வெல்கம் பேக்’ என்பதில் குறையே இல்லை.

ஓரிரு நாள் விடுப்புக்கு ‘ரீஜாயின்’ என்னும் சொல்லே சற்றுக் கனமானது. ‘ஐ வில் பி பேக் அட் வொர்க் ஆன் மண்டே’ என்பது இயல்பாக ஒலிக்கும். ‘ஐ வில் ரிசியூம் வொர்க் ஆன் மண்டே’ என்றும் எழுதலாம். ஆனால் அங்கேயும் ‘பேக்’ கூடாது.